முகம் பார்க்காத மருமகன்

சென்ட் லோரன்ட், மொன்ட்ரியால்
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரியந்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் தயவில் நானும் அம்மாவும் மூட்டுவலியும் குளிசையுமாக இங்கே ஓடித் திரிகிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு பத்திரமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இருக்கிறோம். செய்தியில் போர்ட் சூடான் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், அடுப்பில் கறி கருகினாலும் அம்மா ஓடிவந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுவிடுகிறாள். உன்னோடு தொலைபேசியில் கதைத்தால் பாதியில் அறுந்து போகிறது, மிச்சப் பாதி கேக்குதோ கேக்குதோ என்பதிலேயே போய்விடுகிறது. ஆனபடியால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

தை மாதம் உன் கலியாணத்துக்கு அம்மா வருவாளோ மாட்டாளோ என்பதுதானே உன்னுடைய ஒரே கேள்வி. ஆவணி மாதத்திலிருந்து அவள் உன்னோடு கதைக்கவில்லை, நீ கூப்பிட்டால் குளிக்கப் போய்விடுகிறாள், இந்த வீட்டில் இவ்வளவு குளிப்பு முன்னொருபோதும் நடக்கவில்லை. வேதச் சண்டை எல்லாம் அதற்கு முதலே முடிந்துவிட்டது உனக்குத் தெரியும். நீ உன் வேதத்திலேயே இருக்கலாம், மாதா படத்தைக் கழற்றத் தேவையில்லை என்று மாப்பிள்ளை ஓனூர் தம்பி வாக்குக் கொடுத்த பிறகு அவள் பாதி இளகித்தான் இருந்தாள். கெட்டது அந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டில்தான். நீ தூர இருந்து கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அதனால் உள்ளபடி எழுதுகிறேன்.

அவர் உங்கள் குடிதண்ணீர்த் திட்ட வேலைப் பயிற்சிக்கென்று இங்கே வந்த இரண்டாம் ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டோம். ஹலால் கடையில் ஆட்டிறைச்சி வாங்கி அம்மா விடியவே எழும்பிச் சமைத்தாள், இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மேசை நிறைந்து போனது. தம்பி வந்தார், என் கையைப் பிடித்தபடி என் சுகம், வேலை, குளிர், மழை, இனசனம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கு ஆளைப் பிடித்துப் போயிற்று. பிறகு அம்மா இறைச்சிச் சட்டியோடு குசினியால் வந்தாள். மனிசன் தேள் கொட்டினவர் போலத் துள்ளி எழும்பி, கதிரையில் கிடந்த தன் ஜாக்கெட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். அம்மா சட்டியோடு நிற்கிறாள், அவர் சுவரோடு நிற்கிறார், நான் நடுவில் கரண்டியோடு நிற்கிறேன். கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய் அங்கே இருந்துதான் சாப்பிட்டார். போகும்போது எனக்கு ஆயிரம் நன்றி சொன்னார், அம்மாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை. கதவு சாத்தினதும் அம்மா கேட்டது, என்ர முகத்தில என்ன புழுவோ நெளியுது எண்டு. அது அவையின்ட மரியாதை அம்மா என்று நீ பிறகு சொன்னது அவளுக்குச் சப்பைக்கட்டாகத்தான் பட்டது. முகத்தைத் திருப்புறது மரியாதை எண்டால் செருப்பால அடிக்கிறது என்ன, ஆசீர்வாதமோ என்று கேட்டாள்.

அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர் முப்பது வருசமாக எங்களுக்குப் பழக்கம். என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்த ஓஷிக் மாமாவை மறந்திருக்கமாட்டாய், அவரும் ஓனூர் தம்பியைப் போல சூடான் பிஜா இனம்தானே. இந்தச் செங்கடல் பைத்தியமே உனக்கு அந்த மனிசனின் தலைமயிரிலிருந்துதான் தொற்றியது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். எங்கள் களஞ்சியத்தில் நத்தார் விருந்து வைத்தபோது நீ அவருடைய தோளில் ஏறி இருந்தாய். அந்த அடர்ந்த சுருள்முடியில் அவர் மரச்சீப்பு ஒன்றைச் செருகி வைத்திருப்பார், நீ அதற்குப் பக்கத்தில் உன் கலர்ப் பென்சிலையும் குத்திவிட்டாய், அவர் எடுக்கவே இல்லை. மூன்று நாளாக அந்தப் பென்சிலோடுதான் வேலைக்கு வந்தார். எங்கட ஆக்களின்ட தலையைப் பார்த்து அந்தக் காலம் சண்டைக்கு வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் கேலிப்பெயர் வைச்சது, ஆனா அதே ஆக்கள்தான் சதுரமா நிண்டு சுடுற தங்கட அணியை உடைச்சவை எண்டும் எழுதி வைச்சது என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது பிள்ளை. வெளியே பனி கொட்டும், நாங்கள் இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்போம். வேலைக்கு வந்ததும் சும்மா பொஞ்சூர் சொல்லிவிட்டுப் போக அவரால் முடியாது. எல்லாம் நலமோ, நலம், வீடு நலமோ, நலம் என்று ஒரு சுற்று, அதற்குப் பிறகுதான் உண்மைச் செய்தி ஒவ்வொன்றாக வரும். மேலாளர் கத்துவார், அவர் அசையமாட்டார். வழியில சந்திச்சவனுக்குச் செய்தி சொல்லாமல் போறவன் எங்கட ஆள் இல்லை, மழை எங்க பெஞ்சது, புல் எங்க முளைச்சது எண்டு தெரியாமல் பிஜா ஆக்கள் அந்த மலையில எப்பிடிச் சீவிக்கிறது என்பார். பால்தேத்தண்ணி கொண்டுவருவார், முதல் மிடறு எனக்குத் தராமல் தான் குடிக்கமாட்டார். அவர்களிடத்தில் பால் கறந்தவன் இன்னொருத்தர் வாய் வைக்காமல் குடிக்கக்கூடாதாம், மொன்ட்ரியால் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. எண்பதுகளில் வந்த வறட்சியில் ஒட்டகமும் ஆடும் செத்து, தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். தங்கள் மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை, இங்கே பிள்ளைகளும் பிரெஞ்சில்தான் மறுமொழி சொல்லுதுகள் என்று கவலைப்படுவார், நான் உன்னை நினைத்துக்கொள்வேன். கலியாணம் முடித்த புதிதில் தான் மாமியாரின் குடியிருப்பில் போய் இருந்ததாக ஒருநாள் சொன்னார், நானும் அப்படித்தான் பாசையூரில் அம்மாவின் சீதன வீட்டுக்குப் போனவன் என்றேன். அப்ப நீயும் எங்கட ஆள்தான் என்று கையைக் குலுக்கினார்.

இவ்வளவு தெரிந்த மனிசனிடம் இதைப் போய்க் கேட்க அம்மா விடவே இல்லை. சூடானும் வேண்டாம் சூடான் சினேகிதமும் வேண்டாம் என்று ஒரே பிடி. போன கிழமை அவருக்கு முழங்கால் ஒப்பரேசன் என்று செய்தி வந்தது. வருத்தக்காரரைப் பார்க்காமல் விட்டால் பங்குச்சுவாமி என்ன சொல்லுவார் என்று ஒரு போடு போட்டேன், அதற்கு அவள் மறுக்க வழி இல்லை. மெத்ரோவும் பஸ்ஸும் பிடித்து மொன்ட்ரியால்-நோரில் அவர்களின் வீட்டுக்குப் போனோம். ஓஷிக் காலை நீட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தார், அவருடைய மனைவி ஆம்னா எங்களைக் கண்டதும் கோப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கினாள். புகை எச்சரிக்கை மணி கூவியது, ஓஷிக் படுத்தபடியே பேப்பரால் விசிறினார், அது அந்த வீட்டில் தினப்படி நடக்கிற விசயம் போல. இஞ்சி போட்டு, கழுத்து நீண்ட மண் கூசாவில் காய்ச்சி, சின்னச் சின்னக் கோப்பையில் ஊற்றினாள். ஒன்றோடு எழும்பப் பார்த்த அம்மாவை ஆம்னா கையைப் பிடித்து இருத்திவிட்டாள், ஒன்றோடு போனால் கோபித்துக்கொண்டு போகிறாய் என்று அர்த்தமாம்.

மூன்றாவது கோப்பையில் அம்மா வாயைத் திறந்தாள். அவளுடைய பிரெஞ்சு, பிள்ளைக் காப்பக வேலையில் சின்னப்பிள்ளைகளிடம் பழகின பிரெஞ்சு, ஆம்னாவுடையதும் அதே தரம்தான், ஆனால் இரண்டு தாய்மாருக்கும் அது காணும். அவன் என்னைப் பார்க்கேல்லை, சுவரைப் பார்த்தவன் என்று அம்மா கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினாள். ஆம்னா முதலில் சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள், பிறகு திடீரென்று அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் உன்ர முகத்தைப் பார்த்திருந்தால் நீ பொம்பிளைப்பிள்ளையைக் குடுக்கக்கூடாது என்றாள். பெண்ணைப் பெற்றவளின் முகத்தை மருமகன் பார்க்கிறதில்லை, அவளுக்கு முன்னால் சாப்பிடுகிறதில்லை, பெயர் சொல்கிறதில்லை, அது அவ்வளவு பெரிய இடமாம். ஆம்னாவின் மகள் கட்டின பெடியன் அவர்களுடைய ஆள்தானாம், ஆனால் இங்கே பக்கத்தில் லொங்குய்யில் பிறந்து வளர்ந்தவன். முதல் நாளே ஓடிவந்து கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினானாம். அண்டைக்கு முழுக்க அழுதனான், உனக்கு வந்த மருமகன் எனக்கு வரேல்லை என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையை எழுதத் தெரியாது எனக்கு.

எழும்புகிற நேரம் ஆம்னா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள், பாய் இழைக்கத் தொடங்கிட்டியோ எண்டு. என்ன பாய் என்று அம்மா கேட்டாள். மகளின்ட வீட்டுக்குத்தான் என்றாள் அவள். அவர்களிடத்தில் வீடு என்பது வளைத்த கம்புகளின் மேல் ஓலைப்பாய் போர்த்துக் கட்டுவது. கலியாணத்துக்கு அதைப் பெண்ணின் தாயும் தாயின் பக்கத்துப் பெண்களும்தான் செய்து கட்டிக் கொடுக்க வேண்டுமாம். அந்த வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம், புருசன் அதில் வந்து இருக்கிறவன். துறைமுகத்தில் நீங்கள் சீமெந்து வீட்டில் வாடகைக்கு இருந்தாலும் தம்பியின் மலை ஊரில் கலியாணத்தன்று பாய்வீடு எழும்பத்தான் வேண்டும். ஓலை எங்கட பெண்டுகள் தருவினம், கையும் தருவினம், ஆனா தாய் நிக்காமல் வீடு எழும்பாது என்றாள் ஆம்னா.

திரும்பி வரும்போது மெத்ரோவில் அம்மா விம்மி விம்மி அழுதாள், சனம் பார்த்தது, நான் தடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. யாழ்ப்பாணத்தில் மகளுக்கு வீடு கொடுக்காத தாய் தாயே இல்லை, அவளுக்கு அவளுடைய தாய் கொடுத்தாள். அந்தப் பாசையூர் வீட்டில் மாமி எனக்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்க நிலைக்கதவுக்குப் பின்னால் நின்று மருமகன் சாப்பிட்டாச்சோ எண்டு சுவரைத்தான் கேட்பா. தொண்ணூற்றைந்துச் சண்டையில் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு அங்கே அத்திவாரம்தான் மிஞ்சியது. நாங்கள் இங்கே இத்தனை வருசமும் வாடகை வீடுதான். என்ர பிள்ளைக்குக் குடுக்க ஒரு கதவுநிலைகூட என்னட்டை இல்லை, அதைத் தெரிஞ்சுதான் அவன் என்ர முகத்தைப் பார்க்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன் என்று அழுதுகொண்டே சொன்னாள். மூன்று மாதக் கோபத்துக்குள் அவள் ஒளித்து வைத்திருந்தது இதுதான் பிள்ளை. ஓனூரில் அவளுக்குக் கோபமே இல்லை, வெட்கம்தான்.

மற்ற நாளே விமான ரிக்கற் பார்க்கச் சொன்னாள். கெய்ரோ வழியாக வருவோம். சண்டை நடக்கிற நாடு, உன் முழங்கால், ஒட்டகப் பாதை என்று நான் பயங்காட்டிப் பார்த்தேன், ஓஷிக்குக்கு வெட்டித் தைத்த முழங்கால், எனக்குச் சொந்த முழங்கால் என்று வாயை அடைத்துவிட்டாள். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஆம்னா வீட்டுக்குப் போய் இழைக்கப் பழகுகிறாள், கோப்பி பழகினதால் நித்திரையும் இல்லை, இரவில் என்னைத்தான் எழுப்பிக் கதை கேட்கிறாள். உங்கள் கடற்கரைப் பக்கம் தை மாதம் மழை பெய்யுமாம், ஓலைப்பாய் ஒழுகுமோ என்று ஓஷிக்கிடம் கேட்டு எழுது என்கிறாள், அவர் ஆட்டுமயிர்க் கம்பளம் போர்த்தால் ஒழுகாது என்கிறார்.

கொதித்தாறின தண்ணீர் குடி, செபமாலையை விடாதே, தனியாகத் தூரப் பயணம் போகாதே. மாதா உன்னையும் ஓனூர் தம்பியையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைகள் தமிழும் அவருடைய மொழியும் கதைக்கட்டும், பிரெஞ்சு தானாக வரும். முக்கியமான ஒன்று, விமான நிலையத்துக்குத் தம்பியைக் கூட்டி வராதே. அம்மாவின் முகத்தை அவர் தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் அவள் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவாள்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா அருமைநாதன்

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள், விட்டிருக்கிறேன். இது அம்மாவின் எழுத்து.

மோள், வீடு எத்தனை முழம் எண்டு அளந்து எழுது. சின்னனாக் கட்டமாட்டன்.
அம்மா செலீன்