மை போன விரல்

மொஸ்தகானெம்
ஞாயிறு மாலை

என் கண்ணு வஸீலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மொந்த்ரியால் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே எனக்கும் உன் தம்பிக்கும் உடம்பு சுகம்தான், எனக்கு மனசுதான் சுகமில்லை.

நேற்று ஓட்டுப் போடும் நாள். ஊருக்கெல்லாம் விடுமுறை, எங்கள் சலவைக்கூடத்துக்கு மட்டும் கிடையாது, ஓட்டல் விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஷிப்டில் இருப்பவர்களையும் சம்பளம் பிடிக்காமல் ஓட்டுப் போட அனுப்பியாக வேண்டும், அதுதான் சட்டம் என்று மேலாளர் முக்தாரிடம் போய்ச் சொன்னது நான்தான். சும்மா இருந்திருக்கலாம். அவர் முறைத்துவிட்டு, "சரி, ஆளுக்கு மூணு மணி நேரம் போயிட்டு வாங்க. நாளைக்கு விரல்ல மையைக் காட்டணும். மை இல்லாதவ பொய் சொல்லி லீவு எடுத்தவ, அவளுக்கு இங்க வேலை கிடையாது" என்றார். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன், விரலில் மை வைத்தார்கள், வாக்காளர் அட்டையில் முத்திரையும் குத்தினார்கள். திரும்பி வந்ததும் ஒரு கல்யாண மேசைவிரிப்பு, முழுக்க ஹரீரா சூப் கறை. இருபத்தாறு வருஷப் பழக்கம், கையுறை போடாமல் ப்ளீச்சிங் தண்ணீரில் கையை விட்டுக் கசக்கினேன். கறையும் போயிற்று, மையும் போயிற்று.

இன்று காலை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். எனக்கு முன்னால் சுலைகா, அவள் விரலில் மை அப்பிக் கிடந்தது. என் விரலைப் பார்த்து, "சட்டம் பேசினவளே, மை எங்க?" என்றார். பின்னாலிருந்து யாரோ, "அட்டையில முத்திரை இருக்குமேக்கா, காட்டேன்" என்றாள். முக்தார், "செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம். ஆனா நீ அட்டை காட்டினா எல்லாரும் காட்டணும், ஒருத்திக்கு ஒரு நியாயம் கிடையாது" என்றார். சுலைகாவின் முகம் செத்துவிட்டது. அப்புறம் துணி காயும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் ஓட்டுப் போடவே போகவில்லையாம். கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனைப் பார்க்கப் போயிருக்கிறாள். பார்வை நேரமெல்லாம் எங்கள் ஷிப்டு நேரம்தானே. "ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்குறேன் கைரா, என் கையால சூப் குடிச்சாரு" என்றாள். மை, நர்ஸம்மாவின் முத்திரைப் பெட்டியில் விரலை அழுத்தியது. என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

வஸீலா, எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம், தம்பிக்குப் படிப்பு முடியவில்லை. நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த மனுஷன் ஒரு அதட்டல் போட்டால் என் கை தானாகப் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிடும். அதனால்தான் அட்டையை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மாமா மகன் மாலிக் நாளைக் காலை விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

உன்னை எனக்குத் தெரியும், முத்திரையைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதே. அட்டையைப் பத்திரமாக வை, அடுத்த ஓட்டுக்கு எனக்கு வேண்டும். உன் வயிறும் வாழ்வும் குளிர அல்லாஹ் துணை இருப்பான். இது உன் கைக்கு வரும்போது திங்கள் இரவாகியிருக்கும். படுக்கும் முன் எனக்காக துஆ செய், நீ எழுந்திருக்கும்போது இங்கே என்னைக் கேட்டு முடித்திருப்பார்கள்.

உன் அம்மா,
கைரா