நான்கு ஆதாரங்களும் ஒரு சாப்பாட்டு மேசையும்

அன்புள்ள பெரியவனுக்கு,

சாப்பாட்டு மேசையில் இனிமேல் சாப்பிடுவதில்லை என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மாவும் தங்கையும் நானும் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். எதிர்த்து வாக்களித்தவன் நான். மற்றபடி எல்லோரும் நலம், தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதால் எனக்கு முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மேசை முழுக்கச் சின்னவளுடைய துண்டுச் சீட்டுகள். பள்ளியில் வரலாற்றுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம், அறுபது வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சீட்டுக்கு ஒரு தகவல், பின்பக்கத்தில் அது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், இல்லையென்றால் யார், எப்போது சொன்னது. ஒரு சீட்டின் மேல் நான் உப்பு டப்பாவை வைத்ததற்கு அரை நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளம் என்றாலே நம் வீட்டில் உன் தாத்தா கதைதான், உனக்குத் தெரியாததா. பம்பு நிலையத்தில் இயந்திரம் ஓட்டியவர், ஊரே மிதந்தபோது மூன்று நாள் ஒற்றை ஆளாக நின்று தண்ணீரை இறைத்து மேற்கு வீதிகளைக் காப்பாற்றியவர். சின்னவள் அதற்கு நான்கு ஆதாரம் காட்டியிருந்தாள். ஒன்று நான். அடுத்தது ஒன்பதாம் வகுப்பில் நீ எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரை, அப்புறம் அதை எடுத்துப் போட்ட வாரப் பத்திரிகை, கடைசியாக நகராட்சியின் நூற்றாண்டு மலர். வரலாற்று ஆசிரியை நிதானமானவர், கோபமே வராது, முழுக்கப் படித்துவிட்டு, நாலு ஆதாரம் போட்டிருக்கே, பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா மலர் எதைப் பார்த்து எழுதினாங்க, பத்திரிகையை, பத்திரிகை உங்கண்ணனை, உங்கண்ணன் உங்கப்பாவை, கொட்டாவி மாதிரி ஒரு வாயிலேர்ந்து இன்னொரு வாய்க்குத் தாவியிருக்கும்மா, இது நாலு இல்லை, ஒண்ணு என்றாராம். சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. நான் சொன்னது முழங்கால் அளவுத் தண்ணீர். நீ இடுப்பு என்று எழுதியிருக்கிறாய். பத்திரிகையில் மார்பு, மலரில் கழுத்து. ஐந்தாவதாக ஒருவர் எழுதியிருந்தால் உன் தாத்தா மூழ்கியே போயிருப்பார்.

அதன் பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, விசாரணை தொடங்கினாள். உங்களுக்கு யார் சொன்னாங்க என்றாள். என் பெரியப்பா என்றேன். அவர் அப்போ எங்கே இருந்தார் என்றாள். வேறு ஊரில். தாத்தா என்ன சொன்னார்? யோசித்துப் பார்த்தேன், அப்பாவிடம் எப்போது கேட்டாலும், அதெல்லாம் இப்ப எதுக்கு, சாப்பிடு என்பார். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம், உடைந்த சன்னல் கண்ணாடிக்குக்கூட இரண்டு சாட்சியும் ஒரு புகைப்படமும் கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பியவன் நான். சொந்த அப்பாவின் கோப்பில் ஒரு காகிதம்கூட இல்லை.

காகிதம் நகராட்சி ஆவண அறையில் இருந்தது. சின்னவள் நான்கு நாள் தும்மிக்கொண்டே தேடி, பம்பு நிலையத்து வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டாள். அந்த மூன்று நாளும் உன் தாத்தா விடுப்பு, காரணம் பல்வலி. மூன்று நாளும் காலை ஒன்று மாலை ஒன்றாக ஆறு கட்டைவிரல் ரேகை, எதிரே ‘எண்ணெய் ஆள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர், அவர் பெயரை எழுதக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஒரே களேபரம். உன் அம்மா, பல்வலியைப் போய் யாராவது பள்ளிக்கூடத்துல எழுதிக் கொடுப்பாங்களா என்றாள். நான் அதைவிடக் கேவலமாக, அந்த ஒரு சீட்டை மட்டும் விட்டுடும்மா, யார் போய்ப் பார்க்கப் போறாங்க என்றேன். சின்னவள் சண்டை போடவில்லை. சரிப்பா, அப்ப வெள்ளத்தையே விட்டுடறேன், வேற தலைப்பு எடுத்துக்கறேன் என்று சீட்டுகளை ரப்பர் பேண்டில் கட்ட ஆரம்பித்தாள். ஒப்படைக்க ஆறு நாள்தான் பாக்கி. மேசை காலியாகிவிடும் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மறுநாள் அவளே துணைக்குக் கூப்பிட்டாள். அந்த எண்ணெய்க்காரரின் மகள் நம் பின் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கிறார் என்று பம்பு நிலையத்துப் பழைய ஆட்களைத் தெரிந்த ஆவண அறை எழுத்தர் சொன்னாராம், உன் பள்ளிச் சீருடைக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுத்த அதே அம்மாதான். வெள்ளமா, எனக்கு அப்ப ஆறு வயசு என்றார், மிஷினை நிறுத்தாமலே. மூணு நாள் கழிச்சு அப்பா வந்தார், காலைத் தரையில வைக்க முடியலை, பாதத்துல தோல் வெள்ளையா உரிஞ்சு வந்துது, அம்மா துணியால சுத்திவிட்டாங்க, எங்கே போயிருந்தார்னு எங்களுக்குத் தெரியாது, வேலைன்னு மட்டும் சொன்னார், ஏன் சார் கேக்கறீங்க என்றார். சின்னவள் அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் இரண்டு தரம் சரிபார்த்து எழுதிக்கொண்டு, பின்பக்கம் தேதி போட்டாள். திரும்பி வரும் வழியில் எழுதும்மா என்றேன். எதை எழுத என்றாள். பல்வலியையும்தான் என்றேன்.

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ பொய் எழுதவில்லை, உன் அப்பாவை நம்பினாய், ஒன்பதாம் வகுப்பில் அது குற்றமில்லை. பரிசுக் கோப்பை அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கிறது, அம்மா துடைத்துத்தான் வைக்கிறாள். தாத்தாவையும் கோபித்துக்கொள்ளாதே, அவர் வாயால் அவர் எதுவும் சொல்லவில்லை, வலித்தது, போகவில்லை, பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை. நீயும் அங்கே அலுவலக அறிக்கையில் ‘பலரும் கூறுவதுபோல்’ என்று எழுதாதே, அந்தப் பலர் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பார். உன் கட்டுரைக்கு யாரைக் கேட்டாய் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தங்கைக்கு உடனே அனுப்பு, தேதி போட மறக்காதே, போடாவிட்டால் திருப்பி அனுப்புவாள். குறையில்லாத உடம்போடும் நல்ல மனிதர்களின் துணையோடும் நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

முதலாம் ஆதாரமாக இருந்து நீக்கப்பட்ட,
உன் அப்பா

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் இரண்டு வரி சின்னவளுக்கு மின்னஞ்சலில் வந்துவிட்டது, அம்மா போனில் சொல்லிவிட்டாளாம். கட்டுரையை நேற்று ஒப்படைத்தாள். தலைப்பில் எண்ணெய்க்காரர் பெயர் இருக்கிறது. உன் தாத்தா பெயர் நான்காம் பக்கத்தில், அன்று விடுப்பில் இருந்தவர்கள் பட்டியலில் இருக்கிறது.