படைக்கு எடுத்தது தங்கையை

ஐப்பசி 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. மரவள்ளிக் காட்டில் வேலை இல்லை. ஈர விறகு, வீடெல்லாம் புகை.

நாளை பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இந்திய விடுதலைப் படைக்குப் பெண்களை எடுக்கிறார்கள். முதலில் கை தூக்கியது நான். போன வாரம் தோட்டத்துக் கூட்டத்தில், “பொம்பளைங்களும் துப்பாக்கி புடிக்கலாம்”னு படைத் தலைவியாக வந்த அந்த அம்மா மேடையில் சொன்னதும் எழுந்தேன். தங்கை ராஜம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் எழுந்தாள். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

(இனி ராஜம் = ரா. பென்சில் கட்டையாகிவிட்டது.)

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். “சப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிட்டுப் போனவங்கள்ல எவன் திரும்பி வந்தான்? நாங்க சோறு போடுற எடத்துக்குத்தானேப்பா போறோம்?” அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவருக்கு அதுதான் சம்மதம்.

செய்ய வேண்டியது: பாவாடை தைக்க. தலைக்கு எண்ணெய் (இருந்தால்). ரா.வுக்கு “இடம், வலம்” சொல்லித்தர. இன்னும் மாற்றி மாற்றி வைக்கிறாள்.

ஐப்பசி 10, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

அப்பா வண்டியில் போனோம். பெரிய வரிசை. டாக்டரம்மா சிங்கப்பூரிலிருந்து வந்தவர். கண்ணாடி, கட்டை முடி, நல்ல தமிழ். “சின்ன வயசுல ஏதாவது நோய்நொடி வந்திருக்கா?” எல்லோரிடமும் இதே கேள்வி.

எல்லாம் சொன்னேன். பத்து வயதில் காய்ச்சல் வந்ததும், முட்டியும் கணுக்காலும் வீங்கியதும், மாதக்கணக்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும். பொய் சொல்கிறவளைப் படையில் எதற்கு எடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர் குழாயை நெஞ்சில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். மூச்சை அடக்கச் சொன்னார்.

“ஒன் இருதயத்துல ஒரு சத்தம் கேக்குதும்மா. அந்தக் காய்ச்சல் விட்டுட்டுப் போனது. டிரில் உனக்கு ஆகாது.”

“நான் பாராங் கத்தி புடிச்சுக் காடு வெட்டுறவ டாக்டரம்மா.”

“தெரியுது. ஆனா எடுக்க மாட்டேன்.”

அடுத்து ரா. நான் கதவோரம் நின்றேன். அதே கேள்வி. “ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா!” சிரித்த முகம். எடுத்துவிட்டார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்தது. நடக்கத் தொடங்கிய பிறகும் வந்தது. அம்மா அவள் உள்ளங்கையில் சாவியை வைத்து அழுத்திக்கொண்டு கதறியது என் காதில் இருக்கிறது. “வெளிய மூச்சு விடாதே கமலம், நாளைக்கு இவள எவன் கட்டுவான்?” அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா அந்த நாளில் தூரத்துத் தோட்டத்தில் வேலை. ஆக, எனக்கு மட்டும்.

ஐப்பசி 12, வியாழன்

வெயில். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ரா.வைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா அப்பாவிடம்: “ஒங்க மக இனிமே பட்டாளத்துக்காரிலா!” அப்பா சிரித்தார். அப்பா சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மூடி வைத்திருந்த கொஞ்சம் அரிசியையும் அவளுக்கு வடித்தார். எனக்கும் அவருக்கும் மரவள்ளி. ரா. பாதியை என் தட்டில் தள்ளினாள். திரும்பத் தள்ளினேன். அவள் நல்லவளாக இருப்பதுதான் எரிச்சல்.

முடியை வெட்டிக்கொண்டாள். அசிங்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம். துப்பாக்கியோடு நிற்கும்போது வலிப்பு வந்தால்? சொல்வது நல்லதுதான். இதை நான்கு தடவை மனதில் சொல்லிப் பார்த்தேன். நல்லது என்றால் ஏன் இப்படி இனிக்கிறது?

ஐப்பசி 13, வெள்ளி

ஆற்றில் துணி துவைக்கும்போது ரா.விடமே சொல்லிவிட்டேன்.

சோப்பு இல்லாத துணியை அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனக்கா?”

“ம்.”

“அம்மா சொல்லவே இல்லியே.”

“என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

“சரி, இன்னிக்கு ஏன் சொல்றே?”

“பயமா இருந்துச்சு.”

என்னையே பார்த்தாள். “பயமாக்கா? இல்ல, நான் போறது ஒனக்குப் புடிக்கலியா?”

“ரெண்டும்தான்.”

துணியை அள்ளிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

ஐப்பசி 14, சனி

காலையில் அப்பா வண்டியில் ரா. பட்டணம் போனாள். டாக்டரம்மாவிடம் தானே சொல்லப் போகிறாளாம். நான் போகச் சொல்லவில்லை.

அவள் போனதும் வீட்டைக் கூட்டினேன், மெழுகினேன். வாயில் ஏதோ பாட்டு. இரண்டு பேரும் சேர்ந்து காட்டுக்குப் போவோம், முடி வளர்ந்துவிடும் என்றெல்லாம் கணக்கு. அவளுக்குப் பிடித்த கீரையைப் பறித்து வைத்தேன்.

சாயங்காலம் வண்டிச் சத்தம். குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

“அக்கா, ஒண்ணும் இல்லியாம்! பிள்ளைங்களுக்குக் கடும் காய்ச்சல்ல அப்படி வருமாம். காய்ச்சலோடதானே வந்துச்சுன்னு கேட்டாங்க. அப்பாவுக்கே தெரியல. நான் ஆமான்னேன். ஆமாதானே?”

“ஆமா.” அதுதான் உண்மை. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல்தான்.

“அதுக்கப்புறம் வராததால பயமே வேணாமாம். நானா வந்து சொன்னேன்னு எல்லார் முன்னாலயும் என்னைப் பாராட்டினாங்கக்கா. ‘இந்தப் பொண்ணு மாதிரி உண்மையா இருக்கணும்’னாங்க.”

நானும் உண்மையைத்தான் சொன்னேன். என்னை யார் முன்னாலும் பாராட்டவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒன்னையும் கேட்டேன். சமையலுக்காவது எடுத்துக்குங்கன்னு கெஞ்சினேன். முடியாதுன்னுட்டாங்க” என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்காகக் கெஞ்சியிருக்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கீரை கருகிவிட்டது.

ஐப்பசி 16, திங்கள்

லாரி தோட்டத்து முச்சந்திக்கே வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் ஏற்கெனவே உள்ளே, ஒரே பாட்டு. தூறல்.

நான் போகவில்லை. தலைவலி என்றேன். ரா. காலில் விழ வந்தாள், தள்ளிவிட்டேன். “கடுதாசி போடுறேன்க்கா” என்றாள். “போடு” என்றேன். அவ்வளவுதான். அப்பாவும் அவளும் போனார்கள்.

லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் எப்படி வெளியே வந்தேனோ. லயத்துக்குப் பின்புறமாக, மரவள்ளிக்கு நடுவே குறுக்கு வழி. சேறு. செருப்பு இல்லை. சாலையை அடைந்தபோது லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன். கட்டை முடித் தலைகளில் எது அவள் என்று தெரியவில்லை. பெயரைக் கத்தினேன்.

ஒரு தலை திரும்பியது. கையை ஆட்டுவாள் என்று நினைத்தேன். பலகையைப் பிடித்து எழுந்து நின்று கத்தினாள்:

“ஓடாதேக்கா! நீ ஓடக் கூடாது! நில்லுக்கா!”

பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நின்றேன்.