அடியில் படிந்த சுண்ணாம்பு

லோவெல்,

அடுப்பிலிருக்கும் பெரிய பானையை அசைக்காதே. அது பாத்திரம் கழுவ வைத்த தண்ணீர் இல்லை, உன் பீருக்கு வைத்தது. நேற்று மாலை "அப்போ நீயே காய்ச்சிப் பாரு!" என்று கத்திவிட்டு நீ கொட்டகைக்குப் போன பிறகு, நம் கிணற்றுத் தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்தேன். பீரைக் கசக்க வைக்கும் சுண்ணாம்பெல்லாம் வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்ததை மட்டும் டியூப் போட்டு இறக்கிக்கொள். அடியில் நான்கு விரல் தண்ணீர் அப்படியே இருக்கட்டும்.

குறைந்தால் சமையலறைக் குழாயில் பிடித்து நிரப்பாதே. அங்கே மாட்டியிருக்கும் இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டு உப்பைச் சேர்க்கிறது. போன தடவை அதில்தான் சறுக்கினோம்.

"கடையிலேயே வாங்கித் தொலையேன்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு தடவை காய்ச்சிச் சாக்கடையில் கொட்டியதில் எனக்கும் அலுத்துவிட்டது. காலையில் மேடிசனிலிருந்து கிர்ஸ்டன் ஃபோன் செய்தாள்.

"அம்மா, என் கல்யாணத்துக்கு அப்பா காய்ச்சுன பீர்தான்னு டெரெக் வீட்டுல எல்லார்கிட்டயும் பீத்திட்டேன். ஆயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்குடி" என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இன்றே ஆரம்பித்துவிடு.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிஃப்ட். ஃப்ரிட்ஜில் உருளைக்கிழங்கு சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

மார்லிஸ்

பி.கு: இந்தத் தடவையும் கசந்தால் கொட்டாதே, நாம் இருவரும் குடித்துத் தீர்ப்போம். கடை பீரை நானே வாங்கிவந்து உன் பாட்டில்களில் ஊற்றித் தருகிறேன். கிர்ஸ்டனிடம் மூச்சு விடாதே.