ஏழாம் லயம்

நேற்று கோத்தகிரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண் ஒருத்தி செல்போனில் நம் பாட்டைப் போட்டாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் என் குரல் கீச்சென்று வந்தது. ஸ்டீபனின் டிரம்ஸ் தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. உன் பேஸ் கிட்டார் மட்டும் வரவே இல்லை. அத்தனை தாழ்ந்த சத்தத்தைப் போன் ஸ்பீக்கர் கொடுக்காது என்று நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். பாட்டு முடியும்வரை உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். அரவேணுவில் அவள் இறங்கிப் போனாள்.

நாம் முதலில் சந்தித்ததும் இதே அரவேணுவில்தான். காந்தல் சர்ச் கொயரில் பாடி வளர்ந்த நான், அப்போது அக்கா வீட்டில் தங்கி, கோத்தகிரியில் ஒரு துணிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கை காட்டியும் நிற்காமல் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்ற பஸ்ஸில் மூச்சிரைக்க ஏறி, கண்டக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கையக் காட்டுனா நிக்கோணும். நிக்காட்டி நாங்க நடக்கோணும். நடந்து போனா நேரமாகோணும். நேரமாச்சுன்னா மொதலாளிகிட்ட திட்டு வாங்கோணும். அந்தத் திட்டை நீங்க வந்து வாங்குவீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டில் மடியில் கிட்டார் பையோடு இருந்த நீ மட்டும் சிரிக்காமல், பஸ்ஸின் தகரத்தில் விரலால் தாளம் தட்டினாய்.

"ஏங்க, அத இன்னொருக்கா சொல்லுங்க. கோவப்படாம, அப்புடியே சொல்லுங்க" என்றாய்.

அதுதான் நம் முதல் பாட்டு ஆயிற்று.

தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷினில் வேலை உனக்கு. படித்த படிப்புக்கு அதுதான் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் பழைய ஃபங்க் பாட்டுகளைப் போனில் தேடித் தேடிக் கேட்டு, கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் முறையை நீயாகவே கற்றுக்கொண்டிருந்தாய். "ராப் வாயிலருந்து வரும், ஃபங்க் இடுப்புலருந்து வரும். ரெண்டும் ஒரே ஆளுக்கு வராது. அதுக்குத்தான் குரூப்பு" என்பாய். கொயரில் என்னோடு இருந்த ஸ்டீபன் டிரம்ஸுக்கு வந்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த முருகேசனை நீ கூட்டி வந்தாய். ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தோம்.

பெயரும் நீ வைத்ததுதான். உன் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளை நாங்கள் லைன் வீடு என்போம், நீங்கள் லயம் என்பீர்கள். உங்கள் வீடு இருந்தது ஏழாவது வரிசையில். "லயம்னா தாளமும்தானே" என்று சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாய். யாரும் வேறு பெயர் சொல்லவில்லை.

உங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில்தான் ஏழாம் லயம் முதலில் மேடை ஏறியது. நான் பேசப் பேசக் கூட்டம் வெறித்துப் பார்த்தது. உன் அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து, "ஏன்டா, பாட்டுன்னா பாடணும். இந்தப் புள்ள என்னா சண்ட போடுது?" என்று சத்தமாகவே கேட்டார். நீ கட்டைவிரலைக் கம்பியில் இறக்கினாய். ஃபேக்டரி மெஷின் ஓடுகிற அதே அடி, அதே இடைவெளி. நாள் முழுக்க அதைக் கேட்கிறவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். முதலில் தோள்கள் அசைந்தன. பிறகு இலை பறிக்கும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆடியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கோவை, சென்னை, பெங்களூர் என்று கூப்பிட்டார்கள். கூட்டம் நம் வரிகளை நமக்கு முன்னே சொல்லிற்று. ஒவ்வொரு மேடைக்கும் நீ ஃபேக்டரியில் லீவு கேட்டு, திட்டு வாங்கித்தான் வந்தாய். வாசிக்கும்போது தலையைச் சாய்த்து, தாடையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் அழுத்திக்கொள்ளும் பழக்கம் உனக்கு அப்போதுதான் வந்தது. அது உன் ஸ்டைல் என்று நினைத்தோம். காலேஜ் பையன்கள் அதேபோல் தாடையைச் சாய்த்துப் படம் எடுத்துப் போட்டார்கள். கிட்டார்க் கட்டை வழியாக எலும்பில் ஏறும் அதிர்வை வைத்துத்தான் நீ வாசித்துக்கொண்டிருந்தாய் என்பது யாருக்கும் தெரியாது.

கோவையில் ஒரு கல்லூரி மேடையில் அது வெளிப்பட்டது. கம்பி ஒன்று தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. நீ நிறுத்தவில்லை. முருகேசன் டிரம்பெட்டை இறக்கிவிட்டு உன்னையே பார்த்தான். ஸ்டீபன் பாதியில் குச்சியைக் கீழே வைத்தான். மற்ற எல்லாம் நின்ற பிறகும் நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாய். கூட்டம் சிரித்தது. அந்த வீடியோ நம் பாட்டைவிட வேகமாகப் பரவியது.

மேடைக்குப் பின்னால் ஸ்டீபன் கத்தினான். "குடிச்சுட்டு வந்தியாடா? சொல்றா!"

நீ அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "காது போச்சுடா. ரொம்ப நாளாவே."

டாக்டர் இரண்டு காதையும் சோதித்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் தலையை ஆட்டினார். நமக்குத் தாளம் கொடுத்த மெஷின்தான் அதைச் செய்திருந்தது. காதுக் கருவி வாங்கினோம். அதில் பேச்சு கொஞ்சம் கேட்கிறது, இசை மட்டும் ஆணியால் தகரத்தைக் கீறுவதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாய். ஒரு நிகழ்ச்சிக்குக் கம்ப்யூட்டரிலேயே பேஸ் போட்டுக்கொண்டு போனோம். நீயும் வந்தாய். மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பெட்டிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாய். அன்று கூட்டம் ஆடத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் மேடை ஏற மனம் வரவில்லை. ஸ்டீபன் திருப்பூருக்குப் போனான். முருகேசன் மறுபடி சாவு வீடுகளுக்கு ஊதப் போனான். அறையைக் காலி செய்து சாவியைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன்.

நீ அதே மெஷினுக்குத் திரும்பினாய். நான் சண்டை போட்டேன். "இனிப் போறதுக்கு என்னா இருக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். சாயங்காலம்தான். ஆனால் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பக்கத்துச் செடிகளுக்குள் காட்டெருமை நின்றிருக்கிறது. பின்னால் வந்த பெண்கள் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டிருக்கிறார்கள். நீ ஒருமுறைகூடத் திரும்பவில்லையாம்.

"எத்தன பேரு கூப்புட்டாங்க தெரியுமா புள்ள?" சாவு வீட்டில் உன் அம்மா என் கையை விடவே இல்லை. "பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டிருக்காங்க. தோட்டம் பூராக் கேட்டிச்சாம். எம்புள்ளைக்கு மட்டும் கேக்கல."

இப்போது கல்யாணமாகிக் குன்னூரில் இருக்கிறேன். மேடையில் பேசியவள் என்று இங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொல்லிக்கொள்வதில்லை. அடுப்பில் வேலையாக நிற்கும்போது கூடத்திலிருந்து அவர் ஏதாவது கேட்பார். கரண்டியை வைத்துவிட்டுச் சமையலறை வாசல்வரை வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியப் பதில் சொல்கிறேன். தோசை கருகுகிறது.

"அங்கிருந்தே சொல்லக் கூடாதா? எனக்குத்தான் காது நல்லாக் கேக்குதல்ல?" என்கிறார்.

தெரியுங்க என்கிறேன். அதையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.