உப்பு தூவிய விமானம்

அன்பு நைனாவுக்கு திவ்யா எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

புனேவில் நாங்கள் சின்னச் சின்ன மாடல் விமானங்கள் செய்யும் பட்டறையில், போன வாரம்தான் ஒன்றை முழுதாகச் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இறந்துபோன விமானி ஒருவரின் மனைவி கேட்டது. அவர் ஓட்டியதைப் போலவே, பறந்து பழசானதாக வேண்டுமாம். வெள்ளிப் பூச்சின்மேல் ஈர உப்பைத் தூவி, அதன்மேல் பச்சை அடித்து, காய்ந்ததும் தேய்த்தேன். நம் படகில் உரிவதுபோல, உப்பு இருந்த இடங்களில் பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிந்தது.

"இன்னாம்மா, ரொம்பத் தேச்சுட்டியே! வேணாம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ?" என்று பயமுறுத்தினார் எங்கள் மேஸ்திரி. ராயபுரத்துக்காரர்.

அந்த அம்மா வந்தார். இறக்கையோரம் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவி, "இங்கேதான் கால் வைத்து ஏறுவார்" என்று இந்தியில் சொல்லி அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. வேறொன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

மேஸ்திரி வேலையை விட்டு ஊருக்கே வருகிறார். நம் லைட்ஹவுஸ் குப்பம் வரை வந்து இந்தக் கடிதத்தைக் கொடுப்பதாகச் சொன்னார். இனி இங்கே தமிழில் பேச ஆளில்லை. அதனால் வாய்ஸ் மெசேஜில் "சாப்ட்டியா"னு கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். வலை பிரிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்து, நீங்களும் அம்மாவும் போடுகிற சண்டையை அப்படியே அனுப்புங்கள்.

ஆட்டோ வந்துவிட்டது, மேஸ்திரி அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகள்
திவ்யா