அணைத்த கம்ப்யூட்டரில் எரிந்த விளக்கு

செவ்வாய், இரவு.

கம்ப்யூட்டரை அணைத்தாலும் மதர்போர்டில் ஒரு பின்னில் ஐந்து வோல்ட் இருந்துகொண்டே இருக்கிறது. காலையில் அதிலிருந்து வயர் இழுத்து, ஜன்னலில் ஒரு சின்ன எல்இடியை ஒட்டிவிட்டு ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன். மனைவி கோபித்துக்கொண்டு தேவாரம் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து இருட்டு வீட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் பல்பை எரியவிடவும் கூச்சம்.

பொழுது சாய்ந்து ஸ்டோர் ஜீப்பில் என்னைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர் முருகன் ஜன்னலைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, மதினி வந்துட்டாகளா? சொல்லவேயில்ல!"

"ஆமாப்பா." எப்படி வாயில் வந்ததோ.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு மதினி கையால காப்பி குடிக்க வர்றேன்."

சொல்லிவிட்டும் கிளம்பவில்லை. ஹெட்லைட்டை எனக்காகப் போட்டபடி நின்றான். பைக்குள் போன கையைச் சாவி இல்லாமலே வெளியே எடுத்தேன். அவன் போகிற வரை என் வீட்டுக் கதவை நானே தட்டிக்கொண்டு நின்றேன்.